இரட்டை வட்டில் ஒன்று விடுபடும்போது

ஒரே தரவை இரண்டு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதிவைக்கும் முறைக்கு ரெய்டு 1 என்று பெயர். புழக்கத்தில் மிரர் என்பார்கள். ஒரு வட்டு பழுதானாலும் மற்றது வேலையை நிறுத்தாமல் தாங்கிக்கொள்ளும் என்பதே இதன் பயன். தனி அட்டை எதுவும் இல்லாமல் இயங்குதளமே இதைச் செய்தால் அது மென்பொருள் ரெய்டு. லினக்ஸ் கெர்னலில் எம்டி என்னும் பகுதி இந்த வேலையைச் செய்கிறது. அதை நிர்வகிக்கும் கருவி எம்டிஆடம். சிறிய அலுவலக சர்வர்களிலும், கடைகளில் பெட்டியாக விற்கப்படும் நாஸ் சாதனங்கள் பலவற்றிலும் உள்ளே ஓடுவது இதுதான்.

இப்படிப்பட்ட இணை ஆண்டுக்கணக்கில் சிக்கலின்றி ஓடும். பிறகு ஒருநாள் மின்சாரம் போய்வரும். அல்லது மென்பொருளைப் புதுப்பித்த பின் இயந்திரம் மறுபடி தொடங்கப்படும். அப்போது இரண்டு வட்டுகளில் ஒன்று மட்டுமே இணையில் இருக்கும். இதைக் குறைநிலை என்கிறார்கள். பயன்படுத்துபவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. கணக்கு மென்பொருள் திறக்கும், கோப்புகள் இருந்த இடத்தில் இருக்கும், அச்சுப்பொறி ஓடும். பாதுகாப்பு போய்விட்டது என்பது மட்டும் யார் கண்ணிலும் படாது. மீதியிருக்கும் ஒரே வட்டும் போகும் நாளில்தான் பல அலுவலகங்களுக்கு இது தெரியவருகிறது. அந்தத் தாமதம் முற்றிலும் தவிர்க்கக்கூடியது.

வட்டுகளைப் பற்றிப் பேச மலேசியாவின் பினாங்கு பொருத்தமான ஊர். 1969இல் தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. அதே ஆண்டில் முதலமைச்சரான லிம் சொங் இயூவின் காலத்தில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. இன்டெலும் ஹியூலட் பேக்கார்டும் முதலில் வந்தவற்றுள் அடங்கும். பின்னர் வன்வட்டுத் தொழிலும் வந்து சேர்ந்தது. சீகேட் பாயான் லெப்பாஸில் பெரிய ஆலை நடத்தியது. வட்டுக்குள் சுழலும் காந்தப்பூச்சுத் தகடுகளைச் செய்த கோமாக் நிறுவனமும் பினாங்கில் இயங்கியது. அதை 2007இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. பெருநிலப் பக்கத்தில் பத்து காவானில் சான்டிஸ்க் ஆலை திடநிலை வட்டுகளைச் செய்கிறது. அதிகாலையில் ஆலைப் பேருந்து ஏறி வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் தீவிலும் பட்டர்வொர்த் பக்கத்திலும் ஏராளம். உலகெங்கும் சுழலும் வட்டுகளில் ஒரு பங்கு அவர்கள் கைகளைக் கடந்து போனவை.

இதே ஊர்தான் இணைகள் குறைநிலைக்குப் போவதற்கான சூழலையும் தருகிறது. உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தாலே, யூபிஎஸ் இல்லாத சர்வர் மறுபடி தொடங்கிவிடும். 1996 ஆகஸ்ட் 3 அன்று தீபகற்பம் முழுவதும் மின்சாரம் அறுந்தது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெருவெள்ளம் வந்தது. இவை பெரிய நிகழ்வுகள். சிறிய மின்தடைகளை யாரும் தேதியிட்டு வைப்பதில்லை. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் மேல்மாடி அறையிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்திருக்கும் சர்வருக்கு வெப்பமும் ஈரக்காற்றும் எப்போதும் துணை.

ரெய்டு என்ற கருத்தை அதன் பெயரோடு நிலைநிறுத்தியது 1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. விலை மலிந்த சிறு வட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய வட்டின் வேலையை வாங்கலாம், அவற்றுள் ஒன்று போவதை முன்கூட்டியே கணக்கில் வைக்கலாம் என்பது அதன் வாதம். அதே கிப்சன் 2007இல் பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து சுமார் ஒரு லட்சம் வட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்தார். உற்பத்தியாளர்களின் விவரத்தாள்கள் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வட்டுகளே பழுதாகும் என்றன. களத்தில் மாற்றப்பட்டவை பொதுவாக 2 முதல் 4 சதவீதம். சில இடங்களில் 13 சதவீதம்வரை. வட்டு பழுதாவது அரிய விபத்து அன்று என்பதை அந்த எண்கள் காட்டின.

ஆனால் மறுதொடக்கத்துக்குப் பின் வரும் குறைநிலை எல்லாமே வட்டு செத்ததால் வருவதில்லை. இதைப் புரிந்துகொள்ள, இணை ஒன்று தொடங்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இணையில் உள்ள ஒவ்வொரு வட்டும் சூப்பர்பிளாக் என்னும் சிறு குறிப்பைத் தன்மேல் சுமக்கிறது. இணையின் அடையாள எண், தான் எத்தனையாவது உறுப்பு, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, நிகழ்வு எண் எவ்வளவு என்பவை அதில் இருக்கும். பினாங்கு வீதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கி நடத்திய நாள்களில் ஒரே வரவுசெலவை இரண்டு பேரேடுகளில் இரண்டு கணக்கர்கள் எழுதிவந்ததாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் மூன்று நாள் வராவிட்டால், திரும்பி வந்ததும் அவருடைய ஏட்டை நம்ப முடியாது. கடைசிப் பதிவின் வரிசை எண்ணை ஒப்பிட்டாலே எது பழையது என்று தெரிந்துவிடும். நிகழ்வு எண் செய்வது இந்த வேலைதான். இணையின் நிலை மாறும்போதெல்லாம் அது ஏறும். தொடக்கத்தில் எம்டி இரண்டு எண்களையும் ஒப்பிடுகிறது. ஒன்று மட்டும் வேறுபட்டால் பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் பின்தங்கிய வட்டைப் பழசு என்று தள்ளிவிட்டு, மற்றதை மட்டும் கொண்டு இணையைத் தொடங்குகிறது.

எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி வட்டு செத்ததா என்பதன்று. எண் எப்போது பின்தங்கியது என்பதுதான். இரண்டு சூப்பர்பிளாக்குகளிலும் உள்ள கடைசித் திருத்த நேரத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். தள்ளப்பட்ட வட்டின் நேரம் மறுதொடக்கத்துக்குச் சில வாரங்கள் முந்தியதாக இருந்தால், அது வாரங்களுக்கு முன்பே விலகிவிட்டது. மறுதொடக்கத்துக்கு அதில் பங்கில்லை. யாரோ ஒருவர் திரையைப் பார்க்க நேர்ந்த நாள் அது, அவ்வளவே. நேரம் மறுதொடக்கத்தை ஒட்டியே இருந்தால் பிழையைத் தொடக்கச் சங்கிலியில் தேட வேண்டும். இந்த ஒரு ஒப்பீடு அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். ஆயினும் பலர் இதைச் செய்யாமலே வட்டை மறுபடி சேர்க்கக் கட்டளை கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்த கணத்தில் பழைய சூப்பர்பிளாக் திருத்தப்பட்டு, அந்தச் சாட்சியம் அழிந்துபோகிறது.

தொடக்கச் சங்கிலியில் பிழை வரும் வழிகள் பல. மிகவும் வழக்கமானது, ஒரு வட்டு தாமதமாக விழிப்பது. மின்சாரம் வந்தவுடன் எல்லா வட்டுகளும் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கும். அந்தக் கணத்தில்தான் அவை மிகுதியான மின்சாரம் இழுக்கும். பழைய பவர் சப்ளை தடுமாறினால் ஒரு வட்டு சில நொடிகள் பிந்தி வரும். இயங்குதளம் ஓரளவே காத்திருக்கும். பல லினக்ஸ் தொகுப்புகளில் இது 30 நொடி. அதற்குள் வராவிட்டால் இருக்கும் வட்டைக்கொண்டே இணை தொடங்கிவிடும். முதல் எழுத்து எழுதப்பட்டவுடன் நிகழ்வு எண் ஏறிவிடும். பிந்தி வந்த வட்டு முழு நலத்தோடு இருந்தாலும் அன்று முதல் அது பழசுதான். கையால் சேர்க்கும்வரை, அடுத்தடுத்த தொடக்கங்களில் அது நேரத்துக்கே வந்தாலும் வெளியே நிற்கும்.

அடுத்தது இனிட்ராம்எஃப்எஸ். முதன்மைக் கோப்பு முறைமை திறப்பதற்கு முன் நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு தொகுப்பு அது. இணையைப் பற்றிய அமைப்புக் கோப்பின் நகலொன்று அதற்குள்ளும் இருக்கிறது. வட்டை மாற்றி இணையைப் புதிதாக உருவாக்கியவர் வெளியே உள்ள கோப்பைத் திருத்திவிட்டு உள்ளே இருக்கும் நகலை மறந்துவிட்டால், தொடக்கத்தின்போது பழைய விவரமே படிக்கப்படும். அப்போது இணை அரைகுறையாகத் தொடங்கும். அல்லது எம்டி 0 என்றிருந்தது எம்டி 127 என்ற பெயரில் வந்து நிற்கும். வட்டின் பெயரை நம்பி எழுதப்பட்ட அமைப்புகளும் இப்படியே ஏமாற்றும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் கொடுக்கப்படுபவை. யூஎஸ்பி வட்டு ஒன்றைச் செருகிவிட்டுத் தொடங்கினாலே வரிசை மாறக்கூடும். அமைப்புக் கோப்பில் யூயூஐடி அடையாளமே இருக்க வேண்டும்.

மூன்றாவது, வட்டை வேறொரு மென்பொருள் முந்திப் பிடித்துக்கொள்வது. தாய்ப்பலகையின் பயாஸில் எப்போதோ ரெய்டு அமைத்திருந்தால் அதன் குறிப்பு வட்டின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த மற்றொரு நிரல் வட்டைத் தனதாக்கிக்கொள்ளும். எம்டி வந்து கேட்கும்போது சாதனம் வேலையில் உள்ளது என்ற பிழைதான் கிடைக்கும். பழைய இணையிலிருந்து கழற்றிய வட்டில் துடைக்காமல் விட்ட சூப்பர்பிளாக்கும் இதே குழப்பத்தை உண்டாக்கும்.

இவற்றிலும் ஆபத்தான வகை ஒன்று உண்டு. சூப்பர்பிளாக்கைப் பகுதியின் கடைசியில் வைக்கும் பழைய வடிவங்களில், வட்டின் முன்பகுதி சாதாரணக் கோப்பு முறைமையைப் போலவே தெரியும். இணை உருவாகும் முன் ஏதாவது ஒரு நிரல் அந்த ஒரு பாதியை நேரடியாகத் திறந்து எழுதிவிட்டால், எம்டிக்குத் தெரியாமலே இரண்டு பாதிகளும் வேறுபட்டுப் போகும். நிகழ்வு எண் இதைக் காட்டிக்கொடுக்காது. இப்போது எம்டிஆடம் இயல்பாகப் பயன்படுத்தும் 1.2 வடிவம் சூப்பர்பிளாக்கை முன்புறத்தில், தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி வைக்கிறது. இந்த வகை விபத்து அதில் அரிது.

திருத்த நேரம் மறுதொடக்கத்துக்கு வெகுநாள் முந்தியது என்றால் தேடல் வேறு திசையில் போக வேண்டும். எம்டி தன் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் நலமான இணைக்கு அடைப்புக்குறிக்குள் இரண்டு யூ எழுத்துகள் இருக்கும். குறைநிலையில் ஒரு யூவும் ஓர் அடிக்கோடும். ஓடிக்கொண்டிருக்கும்போது தள்ளப்பட்ட வட்டின் அருகே பழுது என்ற குறி நிற்கும். மறுதொடக்கத்துக்குப் பின் அந்தக் குறி போய்விடும்; வட்டு வெறுமனே காணாமல் இருக்கும். எனவே காரணம் முந்தைய ஓட்டத்தின் பதிவேட்டில்தான் கிடைக்கும். மறுதொடக்கத்தைத் தாண்டிப் பதிவுகளைச் சேமிக்கும்படி சர்வரை அமைத்திருப்பது இங்கே கைகொடுக்கும்.

அந்தப் பதிவுகளில் இணைப்பு அறுந்து மீண்டது என்ற வரிகள் திரும்பத் திரும்ப வந்தால், சந்தேகம் முதலில் விழ வேண்டியது சாட்டா கேபிள்மேல். வட்டின் சொந்த நலக்குறிப்பான ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண் வரி, தரவு வழியில் கெட்டுப்போனதை எண்ணும். அது ஏறிக்கொண்டிருந்தால் கேபிளும் அதன் செருகுவாயும்தான் பெரும்பாலும் குற்றவாளி. சில வெள்ளிச் செலவில் தீரும். 5ஆம் வரி மாற்றிவைக்கப்பட்ட செக்டர்களையும், 197ஆம் வரி படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களையும் எண்ணும். இவை ஏறினால் வட்டின் தகடே தேய்கிறது என்று பொருள். அந்த வட்டை மீண்டும் நம்பக் கூடாது. ஆனால் பட்டியல் சுத்தமாக இருந்தால் வட்டு நலம் என்று முடிவுகட்டவும் முடியாது. 2007இல் கூகுள் தன் வட்டுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், பழுதான வட்டுகளில் 56 சதவீதத்துக்கு நான்கு முக்கிய ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூட இருக்கவில்லை.

மேசைக் கணினிக்கென்று செய்த வட்டுகளுக்கு மற்றொரு குணம் உண்டு. மோசமான செக்டரைப் படிக்க அவை நீண்ட நேரம் விடாமல் முயலும். தனி ஒரு வட்டுக்கு அது நல்ல குணம். லினக்ஸ் கெர்னல் இயல்பாக 30 நொடிதான் பொறுக்கும். அதற்குள் விடை வராவிட்டால் இணைப்பையே அறுத்து மீட்கும். அந்தக் களேபரத்தில் வட்டு இணையிலிருந்து தள்ளப்படும். நாஸ் சாதனங்களுக்கென்று செய்த வட்டுகள் சுமார் 7 நொடியில் முயற்சியை விட்டுப் பிழையைச் சொல்லிவிடும். உடனே எம்டி மற்ற வட்டிலிருந்து சரியான தரவை எடுத்து அந்த இடத்தில் திருப்பி எழுதும். விலையில் இருக்கும் சிறு வித்தியாசத்துக்கு இது போதுமான நியாயம்.

காரணம் தெரிந்த பிறகும் உடனே இணைத்துவிடக் கூடாது. முதலில் ஓடிக்கொண்டிருக்கும் பாதியிலிருந்து முக்கியமான தரவை வெளியே ஒரு நகல் எடுக்க வேண்டும். மறுஇணைப்பின்போது அந்த ஒற்றை வட்டு முழுவதும் படிக்கப்படும். மாதக்கணக்கில் யாரும் தொடாத மூலையில் ஒளிந்திருக்கும் கெட்ட செக்டர் அப்போதுதான் வெளிப்படும். இரண்டு வட்டுகளும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை என்றால் கவலை இன்னும் கூடும். ஒரே தொகுதியில் பிறந்து, ஒரே வெப்பத்தில் ஒரே அளவு உழைத்தவை அவை.

அடுத்து, எந்தப் பாதி உண்மையானது என்று உறுதிசெய்ய வேண்டும். இங்கே நிகழும் பிழைதான் மீட்க முடியாதது. முதல் தொடக்கத்தில் ஒரு வட்டு மட்டும் வந்து, அடுத்த தொடக்கத்தில் மற்றது மட்டும் வந்திருந்தால், இரண்டும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். திங்கள்கிழமை விலைப்பட்டியல்கள் ஒன்றில், செவ்வாய்க்கிழமை விலைப்பட்டியல்கள் மற்றொன்றில் என்று பிரிந்துபோன அலுவலகக் கணக்கில், எந்தப் பாதியை அழித்தாலும் ஒரு நாள் வேலை போகும். இரண்டையும் தனித்தனியே திறந்து பார்த்து, வேறுபட்ட கோப்புகளை எடுத்து வைத்த பிறகுதான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திறக்கும்போதும் கவனம் தேவை. படிக்க மட்டும் என்று சொல்லித் திறந்தாலும், கோப்பு முறைமை தன் ஜர்னலில் விட்டுப்போன பதிவுகளை வட்டில் எழுதிவிடக்கூடும். அதனால் சாதனத்தையே எழுத முடியாதபடி முதலில் பூட்டிவிடுவது நல்லது.

மறுபடி சேர்ப்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. எம்டி தன்னிடம் பிட்மேப் என்னும் அட்டவணையை வைத்திருந்தால், வட்டு விலகியிருந்த காலத்தில் எந்தப் பகுதிகள் மாறின என்று அதற்குத் தெரியும். ரீ-ஆட் கட்டளை அந்தப் பகுதிகளை மட்டும் நகலெடுக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். 100 கிகாபைட்டுக்கு மேற்பட்ட இணைகளுக்கு எம்டிஆடம் இந்த அட்டவணையைத் தானாகவே உருவாக்குகிறது. அட்டவணை இல்லையென்றால் முழு வட்டும் நகலெடுக்கப்பட வேண்டும்: 4 டெராபைட் வட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதி முடிக்க ஏறத்தாழ ஏழரை மணி நேரம்.

குறுக்குவழி எப்போதும் ஏற்றதன்று. இரண்டு பாதிகளும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால், அல்லது ஒரு பாதியை வேறு நிரல் நேரடியாகத் திறந்திருந்தால், தள்ளப்பட்ட வட்டில் நேர்ந்த மாற்றங்கள் ஓடும் பாதியின் பிட்மேப்புக்குத் தெரியாது. அந்த நிலையில் ரீ-ஆட் கொடுத்தால், ஒத்துப்போவதாகக் காட்டிக்கொள்ளும், உள்ளே வேறுபட்ட இணைதான் கிடைக்கும். அதிலிருந்து படிக்கும் கோப்பு ஒருமுறை ஒரு மாதிரியும் மறுமுறை வேறு மாதிரியும் வரும். சந்தேகம் இருந்தால், தோற்ற பாதியின் சூப்பர்பிளாக்கைத் துடைத்துவிட்டுப் புதிய வட்டாகச் சேர்த்து முழு நகல் எடுக்க வேண்டும். ஏழரை மணி நேரம் அதற்குத் தகும்.

நகல் முடிந்து இரண்டு யூ எழுத்துகள் வந்த பின்னும் வேலை பாக்கி இருக்கிறது. அமைப்புக் கோப்பில் இணையின் யூயூஐடி சரியா என்று பார்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாகக் கட்ட வேண்டும். க்ரப் தொடக்க நிரல் இரண்டு வட்டுகளிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். யூஇஎஃப்ஐ இயந்திரங்களில் தொடக்கப் பகுதி பொதுவாக இணைக்கு வெளியே நிற்கும். இரண்டாம் வட்டில் அதற்கொரு நகல் இல்லையென்றால், முதல் வட்டு போன அன்று தரவு முழுதாக இருந்தும் இயந்திரம் எழும்பாது.

பிற ஏற்பாடுகளிலும் இதே சிக்கல் வேறு பெயர்களில் வரும். விண்டோஸில் டைனமிக் வட்டுகளின் மிரர், மின்சாரம் திடீரென்று போன பிறகு தன்னைத்தானே மறுபடி ஒத்திசைக்கத் தொடங்கும்; விலகிய வட்டை வட்டு மேலாண்மைத் திரையில் மீண்டும் செயல்படச் சொல்ல வேண்டியிருக்கும். பிடிஆர்எஃப்எஸ், ஒரு வட்டு இல்லாவிட்டால் வெளிப்படையாக அனுமதி கொடுக்கும்வரை திறக்கவே மறுக்கும். இது எரிச்சல் தரும்; ஆனால் யாருக்கும் தெரியாமல் குறைநிலையில் மாதக்கணக்கில் ஓடும் ஆபத்து இதில் குறைவு. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், இரண்டு பாதிகள் வேறுபடும்போது எது சரி என்று தானே சொல்ல முடியும். எம்டிக்கு அந்த வசதி இல்லை. வேறுபாடு இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும்.

அந்த வேறுபாட்டைத் தேடும் சோதனை டெபியன் தொகுப்பில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தானாக ஓடும்படி அமைந்திருக்கிறது. இரவு இயந்திரத்தை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் இது ஓடாமலே போகலாம்; அப்படியானால் பகலில் ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். எம்டிஆடமின் கண்காணிப்புப் பகுதி, வட்டு விலகியவுடன் மின்னஞ்சல் அனுப்பும். பல சர்வர்களில் அந்த மின்னஞ்சல் இயந்திரத்துக்குள்ளேயே, யாரும் திறக்காத ரூட் பெட்டியில் போய்த் தேங்குகிறது. உண்மையான முகவரியைக் கொடுத்து, அதே கருவியின் சோதனைக் கட்டளையால் ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தால் வருகிறதா என்று தெரிந்துவிடும். நகலும் சரியாக இருக்கும் ஓர் ஓய்வான நாளில், இயந்திரத்தை அணைத்து, முதல் வட்டைக் கழற்றி, இரண்டாவதை மட்டும் கொண்டு தொடங்கிப் பார்க்கலாம். இயந்திரம் எழும்பினால் அணைத்துவிட்டுக் கழற்றிய வட்டைத் திரும்பப் பூட்டி, ரீ-ஆட் கொடுத்து ஒத்திசைவு முடியும்வரை காத்திருந்து, பிறகு மற்ற வட்டுக்கும் அதையே செய்ய வேண்டும். இடையில் காத்திருக்காமல் வட்டுகளை மாற்றி மாற்றிக் கழற்றினால், முன்பு சொன்ன பிரிந்த பாதிகளைச் சோதனையே உண்டாக்கிவிடும்.